மீன் தின்னாத சேவல்

நான் கோழி வளர்க்க ஆரம்பித்ததற்கு என் வீட்டுக்காரர்தான் காரணம். அவர் அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கல்யாணமாகி காலடிப்பேட்டைக்கு வந்த புதிதில், பின்பக்கம் சும்மா கிடந்த இடத்தைக் காட்டி, இங்கே இரண்டு கோழி மேய்ந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு நாள் சொன்னார். பேச்சுக்குச் சொன்னதுதான். நான் இரண்டு கோழி வாங்கினேன். மூன்றே வருஷத்தில் அது முப்பதைத் தாண்டிவிட்டது. அவர் துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்சு ஓட்டுகிறவர். நாளெல்லாம் இரும்புச் சத்தத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே கொக்கரிப்பு. உன் சமஸ்தானம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நான் சொல்லப்போவது முழுக்க அதனால் வந்த வினை. கோழி விஷயத்தில் யாராவது எனக்கு யோசனை சொன்னால் அந்தக் கோபம் இரண்டு மடங்காகும். தெருவில் எல்லாரும் ஒன்றோ இரண்டோ வளர்த்தார்கள். முப்பது வளர்த்தவள் நான் ஒருத்திதான். அதனால் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது.

அப்போது யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. மனுஷர்களுக்கே கல்லும் வண்டுமாக அரிசி அளந்துகொண்டிருந்த நாளில் கோழிக்குத் தானியம் போடுகிறேன் என்று சொன்னால் தெரு ஜனங்கள் என் முகத்திலேயே விழித்திருக்க மாட்டார்கள். தவிடும் கீரைத்தண்டும்தான் போடுவேன். அவற்றைக் கொழுக்க வைத்து முட்டையிட வைத்தது மீன்.

அந்த மீனைக் கொண்டுவந்தவள் கடற்கரைக் குப்பத்திலிருந்து கூடை தூக்கி வருகிற ஒருத்தி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். காலையில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் மீன் விற்றுவிட்டுத் திரும்பும்போது, விற்காத பொடிமீன், தலை, குடல் எல்லாவற்றையும் என் வீட்டில் கொட்டிவிட்டுப் போவாள். பதிலுக்கு என் முட்டைகள் அவள் கூடையில் போகும். வெற்றிலையை மென்றபடி கொஞ்ச நேரம் பின்பக்கம் உட்கார்ந்து கோழிகளை வேடிக்கை பார்ப்பாள். நான் பேசுவேன், அவள் கேட்பாள். எங்கள் சிநேகம் அப்படித்தான் நடந்தது, அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அவளிடம் ஒரு சிவப்புச் சேவல் இருந்தது. அது நேர்ந்துவிட்ட சேவல். ஒரு தடவை அவள் புருஷன் போன கட்டுமரம் காற்றில் அடித்துக்கொண்டு போய், இரண்டு நாள் ஆளைக் காணவில்லை. மூன்றாம் நாள் எண்ணூர்ப் பக்கம் கரை ஏறி நடந்தே வந்து சேர்ந்தார். அந்த இரண்டு நாளில் அவள் குப்பத்து அம்மனுக்கு ஒரு சேவல் தருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். அடுத்து வரும் ஆடிமாதம் கொடுக்க வேண்டும். அதற்காகவே ஒரு இளஞ்சேவலைத் தேர்ந்தெடுத்து வளர்த்தாள்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நேர்ந்துவிட்ட சேவலுக்குக் கவிச்சி ஆகாது. சாமிக்குப் போகும்வரை அதன் வாயில் மீன் படக்கூடாது. கேழ்வரகு, கீரை, தண்ணீர், அவ்வளவுதான். அந்தக் குப்பத்திலேயே மீன் தின்னாத ஒரே ஜீவன் அந்தச் சேவலாகத்தான் இருந்திருக்கும். என் சேவலைக் கீரிப்பிள்ளை கொண்டுபோய்விட்ட பிறகு, குஞ்சு பொரிக்கிற முட்டை வேண்டுமே என்று அவளுடைய சேவலை வாரத்தில் மூன்று நாள் என் வீட்டில் விட்டுவைப்பாள். கூடவே துணியில் முடிந்த கேழ்வரகும் வரும். சேவலை முருங்கை மரத்தில் கட்டி, கேழ்வரகைக் கொட்டாங்கச்சியில் தனியாக வைக்க வேண்டும். தீனி நேரத்தில் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. நான் அதைத் தவறாமல் செய்தேன். என் வீட்டுக்காரர் சேவலைப் பார்த்தாலே, சாமியார் வந்துட்டாரா என்று கேட்பார்.

வெயில் நாளில் மீன் தீனிக்குப் பிரச்சினை இல்லை. பாயில் பரப்பிக் காயவைத்து, உரலில் இடித்து, தவிட்டில் கலந்து போட்டால் தீர்ந்தது. அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை பாதிவரை விடவில்லை. சடையங்குப்பம் பக்கமெல்லாம் தண்ணீர் நின்று ஜனங்கள் பாத்திரபண்டத்தோடு மேட்டுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் மீன் காயவில்லை, நாறியது. பாயைச் சுருட்டினால் புழு நெளிந்தது. பக்கத்து வீட்டில் ஜாடையாகப் பேச ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ராயபுரம் ரயில் யார்டுப் பக்கம், இன்ஜினிலிருந்து தள்ளுகிற சாம்பலைக் கிளறிப் பாதி எரிந்த நிலக்கரியைப் பொறுக்கி விற்கிற பெண்கள் உண்டு. எங்கள் தெருக்காரர்கள் பாதிப்பேர் வெந்நீருக்கு அதைத்தான் வாங்கினார்கள். விறகுத் தீ மாதிரி இல்லை அது. ஒரு தடவை பிடித்துக்கொண்டால் சட்டியின் அடி சிவக்கும். நான் பழைய இருப்புச்சட்டியை அந்தத் தீயில் ஏற்றி, மீனைப் போட்டுக் கிண்டினேன். ஈரம் போய், நாற்றம் போய், கறுத்து மொறுமொறுவென்று ஆகும்வரை கிண்டினேன். இடித்தால் காப்பித்தூள் மாதிரி விழுந்தது. தெருவே மணந்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து, கருவாட்டுப் பொடியா, எங்களுக்கும் கொஞ்சம் கொடு என்று கேட்டாள். கோழிக்கு என்று சொன்னபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

அக்கா அதை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள். ரொம்பக் கருக்கிவிட்ட மாதிரி இருக்கிறதே என்று மட்டும் சொன்னாள். உனக்கு மீன் விற்கத் தெரியும், எனக்குக் கோழி வளர்க்கத் தெரியும் என்று நான் சொன்னேன். அவள் சிரித்துவிட்டுப் பொடியைத் திரும்பக் கொட்டினாள். அடைகாத்துக்கொண்டிருந்த புள்ளிக்கோழி ஒன்றைத் தவிர எல்லாக் கோழிக்கும் அந்தப் பொடியைத் தவிட்டுக்குச் சரிபாதியாகக் கலந்து போட்டேன். அடைக்கோழிக்கு மீன் சூடு என்பதால் அதற்கு மட்டும் ரேஷன் அரிசியில் புடைத்த நொய்.

மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு காலையில் நன்றாக முட்டையிடுகிற கறுப்புக்கோழி ஒன்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்றது. கொண்டை வெளுத்திருந்தது. தூக்கினேன். தலை கீழே தொங்கியபோது அலகிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் வழிந்தது. மத்தியானத்துக்குள் செத்துப்போயிற்று. மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் நான்கு. எச்சம் தார் மாதிரி கறுப்பாகப் போயிற்று. இரண்டு கோடைக்கு முன்னால் வெள்ளைக்கழிச்சல் வந்து எங்கள் பக்கம் தெருத்தெருவாகக் கோழியை வாரிக்கொண்டு போயிருந்தது. என் கோழிகள் மட்டும் எப்படியோ தப்பித்தன. இப்போது விட்ட குறையைத் தீர்க்க வந்துவிட்டது என்று நினைத்தேன்.

சின்ன வெங்காயமும் சீரகமும் மஞ்சளும் அரைத்து உருட்டி ஒவ்வொன்றின் வாயிலும் திணித்தேன். செத்தவற்றைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். மிச்சம் இருப்பதற்குத் தெம்பு வேண்டுமே என்று தவிட்டைக் குறைத்து மீன்பொடியைக் கூட்டினேன். இன்னும் நன்றாக வறுத்தேன். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு என்னை ஓங்கி அறையலாம் போல இருக்கிறது.

என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். கழிச்சல் வந்தால் வெள்ளையாகவோ பச்சையாகவோதானே போகும், இது கறுப்பாக இருக்கிறதே என்றார். விஞ்சு ஓட்டுகிறவருக்குக் கோழி வைத்தியம் எதற்கு என்று நான் கேட்டதும் மனுஷர் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அப்போது காரணம் வேண்டியதில்லை, ஆள் வேண்டியிருந்தது. வெளியிலிருந்து என் வீட்டுக்குள் வந்துபோவது எது என்று யோசித்தேன். முருங்கை மரத்தடியில் சிவப்பாக நின்றது.

அன்றைக்கு அக்கா வந்தபோது பத்துக் கோழி போய்விட்டிருந்தது. கூடையை இறக்கக்கூட நான் விடவில்லை. குப்பத்துச் சீக்கை உன் சேவல்தான் சுமந்துகொண்டு வந்து இங்கே கொட்டியது என்றேன். அது நேர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். எதற்காக நேர்ந்துகொண்டாள் என்றும் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னேன்.

"இந்தப் பேஜாரு அத்தோடவே போவட்டும். இன்னிக்கே அத்த அறுத்துப் போடு. இல்லாங்காட்டி இனிமே என் வாசப்படிய மெறிக்காத."

தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவள் பின்பக்கம் போய்ச் சேவலின் காலில் இருந்த கயிற்றை அவிழ்த்தாள். மிச்சக் கேழ்வரகைத் துணியில் முடிந்துகொண்டாள். சேவலைக் கூடைக்குள் வைத்து ஈரச் சாக்கால் மூடித் தலையில் ஏற்றிக்கொண்டு மழையில் போனாள். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, மீன்குடலை வாசலுக்கு வெளியிலேயே ஓலையில் வைத்துவிட்டு, அறுத்துட்டேன்மே என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. அந்தக் குடலை எடுத்துப்போய் இருப்புச்சட்டியில் போட்டேன்.

சேவல் போன பிறகும் கோழிகள் சாவது நிற்கவில்லை. இன்னும் நான்கு போயின. பார்த்தால் நன்றாகத் தெரிகிற கோழிகளையாவது விற்றுவிடலாம் என்று தோன்றியது. அது நல்ல புத்தியில்லைதான். ஆறு கோழியைக் கூடையில் போட்டு மூடி, தண்டையார்பேட்டையில் கோழிக்கறி விற்கிற பாய் ஒருவரின் கடைக்கு நடந்தேன். நல்ல மனுஷர். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக் கோழிகளை மொத்தமாகக் கொண்டுவந்தால், ஒன்றை அறுத்து உள்ளே பார்த்த பிறகுதான் மற்றவற்றைத் தொடுவார்.

என் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து அறுத்து இறகு பறித்து வயிற்றைத் திறந்தார். கோழியின் இரைப்பையை அவர் சுத்தம் செய்கிற அழகை நின்று பார்க்கலாம். கல்லும் மண்ணும் அரைபடுகிற அந்தக் கெட்டிச் சதையை ஒரு கீறு கீறி, மண்ணை உதறி, உள்ளே இருக்கிற மஞ்சள் தோலை நகத்தால் பிடித்து ஒரே இழுப்பில் உரித்துவிடுவார். அதைக் கண்ணால் பார்க்கவே மாட்டார், வாடிக்கைக்காரரோடு பேசிக்கொண்டே செய்வார். அன்றைக்கு அவர் பேச்சு நின்றது. தோல் உரியவில்லை. கறுத்து, வெடித்து, அங்கங்கே குழி விழுந்து, விரல் பட்ட இடத்தில் பிய்ந்து வந்தது. அதில் என் மீன்பொடி அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"கயிச்சல் வந்த கோயி எத்தினியோ அறுத்துக்கீறேன்மா. அதுல இரப்பை இப்டி ஆவாது. இது தொத்தி வந்த மாதிரி தெரில, தின்னதுல வந்த மாதிரி கீது. இன்னா போட்ட?"

நான் சொல்லவில்லை. தவிடு என்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, கத்தியைக் கழுவினார். மற்ற ஐந்தையும் கூடைக்குள் திரும்ப வைத்து, ஜனங்களுக்கு இதை விற்க மாட்டேன், நீயும் வேறு எங்கேயும் விற்காதே, தீனியை மாற்றிப் பார் என்றார். அதட்டவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைக்க ஒரு கை கொடுத்தார்.

டோல்கேட் வரும்வரை எனக்குப் பாய்மேல் கோபம். அறுக்கிறவருக்கு வளர்க்கிறதைப் பற்றி என்ன தெரியும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு நடந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பாழாய்ப்போன மண்டை தானாக யோசிக்க ஆரம்பித்தது. அடையில் இருந்த புள்ளிக்கோழி ஒன்பது குஞ்சு பொரித்து, அதே கோழிகளுக்கு நடுவில், அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டு, கொழுகொழுவென்று திரிந்தது. அதற்கும் குஞ்சுகளுக்கும் நொய் மட்டும்தான். மீன் காட்டவில்லை. என் வீட்டில் மீன் தின்னாமல் இருந்தது வேறு எது என்று கேட்டுக்கொண்டேன். கேட்டதும் கால் நின்றுவிட்டது. நடுரோட்டில் கூடையோடு நின்றேன். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் திட்டினான்.

வீட்டுக்குப் போனதும் வறுத்த பொடி முழுவதையும் குழிதோண்டிப் புதைத்தேன். அன்றிலிருந்து தவிடும் கீரையும், ஈரம் காயாத பச்சைமீன் கொஞ்சமும் போட்டேன். அன்றைக்கே குப்பத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. தீனியை மாற்றினால் சாவு நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால், இன்னும் இரண்டு கோழி செத்தால் தேவலை என்று இருந்தது. செத்தால் குற்றம் என்னுடையதில்லை. ஒவ்வொரு காலையும் எழுந்துபோய் எண்ணினேன். ஒன்றும் சாகவில்லை. நான்காம் நாள் கொண்டைகளில் சிவப்பு திரும்பியது. ஆறாம் நாள் ஒன்று முட்டையிட்டுவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி கொக்கரித்தது. என் வீட்டுக்காரர் சந்தோஷமாக ஓடிவந்து பார்த்தார். ஒரு நல்ல செய்தி எனக்கு அவ்வளவு கசந்ததில்லை.

இந்த ஆறு நாளும் அக்கா வந்துகொண்டுதான் இருந்தாள். வாசலுக்கு வெளியே ஓலையில் மீன்குடல் இருக்கும். நான் கதவுக்குப் பின்னால் நின்று, அவள் போன பிறகு எடுத்துக்கொள்வேன்.

ஏழாம் நாள் காலையில் மழை வெறித்திருந்தது. கூடை நிறைய முட்டை எடுத்துக்கொண்டு குப்பத்துக்கு நடந்தேன். அவள் குடிசைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து சென்னாக்குனிப் பொடி இறாலைக் கொட்டி, குச்சியும் சிப்பியும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாமே என்றாள், ஒன்றும் நடக்காதது மாதிரி. என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அத்தனையையும் விட்டுவிட்டு, அக்கா, சேவல்மேல் தப்பில்லை, நான்தான் மீனைக் கருக்கிப் போட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்மே. அறுத்தப்பவே கீறிப் பாத்தேன். ஈரலு, இரப்பை எல்லாம் அவ்ளோ சுத்தமா இருந்திச்சி."

ஒரு வாரத்துக்கு மேலாக அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் வந்து என் வாசலில் மீன் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பிறகு ஏன் அன்றைக்கே வந்து என் முகத்தில் விட்டெறியவில்லை என்று கேட்டேன்.

"உன் கோயிங்கோ செத்துகினு கீது. அந்நேரம் வந்து என் சேவலு நல்ல சேவலுன்னா சொல்லிகினு நிப்பாங்கோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகிற ரகம் இல்லை நான். மணலில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, குழம்பு நன்றாகத்தான் இருந்தது, உனக்கும் கொஞ்சம் கொண்டுவரலாம் என்று பார்த்தேன், வாசப்படி மிதிக்காதே என்று சொல்லியிருந்தாயே என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். அதற்கு நான் இன்னும் அழுதேன். தள்ளி உட்கார்ந்து அழு, சென்னாக்குனி நனைகிறது என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன்.

அவள் என்னிடம் சொல்லாததை அவள் ஓரகத்தி நான் திரும்பும்போது கூடவே நடந்துவந்து சொன்னாள். சீக்கு என்று பேர் எடுத்த சேவல் சாமிக்கு ஆகாது. அதனால் அதை அம்மனுக்கு முன்னால் அறுக்கவில்லை, வீட்டுக்குப் பின்னால்தான் அறுத்தாள். வேண்டுதல் அப்படியே நிற்கிறது. அறுத்த அன்றைக்கு மாமியார் சோறு தின்னவில்லை. புருஷன் கட்டுமரத்தைத் தள்ளுகிற நேரமெல்லாம் அக்கா கரைக்குப் போய் நிற்கிறாள், முன்னெல்லாம் அப்படி நிற்கிறவள் இல்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு ஓரகத்தி, உன் கோழிகள் தேவலையா என்று கேட்டாள். தேவலை என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

ஒன்பது குஞ்சில் மூன்று சேவல். மூன்றுக்கும் தகப்பன் அந்தச் சிவப்புதான். அடுத்த வாரமே அக்காவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, பிடித்ததை எடுத்துக்கொள் என்றேன். ஒன்றை எடுத்தாள். சும்மா இருக்காமல் இன்னொன்றையும் எடுத்தாள், இது எனக்கு என்றாள். சாமிக்கு என்று எடுத்ததை ஆடிவரை நானே என் வீட்டில் வளர்த்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். யோசித்துவிட்டுச் சரி என்றாள். எட்டு மாதம் அந்தச் சேவல் மீன் வாசனை படாமல் வளர்ந்தது. கேழ்வரகை நானே புடைத்துப் போட்டேன். என் கோழிகள் மீன் தின்கிற நேரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு முன்வாசலில் உட்கார்ந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் என்னைத்தான் சாமியாரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அந்த எட்டு மாதமும் காற்று பலமாக அடித்தால் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. முன்னெல்லாம் காற்று அடித்தால் கூரை ஓடு நினைவுக்கு வரும், இப்போது அந்தக் கட்டுமரம்தான் நினைவுக்கு வந்தது. மறுநாள் காலையில் அக்காவின் குரல் தெருமுனையில் கேட்கும்வரை அடுப்பில் கை ஓடாது. ஒரு நாளும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடியில் சேவலைத் தூக்கிக்கொண்டு நானும் குப்பத்துக்குப் போனேன். அம்மனுக்கு முன்னால் அதை அவள் கையில் கொடுத்தபோது, முப்பது கோழி வளர்த்ததில் வராத நிறைவு அந்த ஒரு சேவலில் வந்தது. அன்றைக்குக் குப்பத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கடல்காற்றில் மணலிலேயே படுத்துத் தூங்கிப்போனேன்.

அதன் பிறகு வெகுகாலம் நான் கோழி வளர்த்தேன். யாராவது யோசனை சொன்னால் கோபம் வரும், ஆனால் கேட்டுக்கொள்வேன். பல வருஷம் கழித்து, என் மகளுக்குப் பழக்கமான கால்நடை டாக்டர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, மீனை அளவுக்கு மீறிச் சூடேற்றினால் இரைப்பை அப்படிப் புண்ணாவது உண்டுதான் என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். அடினோ வைரஸ் என்று ஒரு கிருமி இருக்கிறதாம். அதுவும் இரைப்பையில் அதே மாதிரி புண்ணை உண்டாக்குமாம். ஒரு கோழி தனக்கு ஒன்றும் இல்லாமலே அதைச் சுமந்துகொண்டு வந்து மற்றவற்றுக்குக் கொடுத்துவிடலாமாம். உங்கள் சிநேகிதியின் சேவல்கூடக் காரணமாக இருந்திருக்கலாம், இப்போது யாரால் சொல்ல முடியும் என்றார் அவர்.

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். நானும் ஒரு நிமிஷம் அதைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்துக்கூட மனசு எவ்வளவு வேகமாக ஓடிப் போய் அதைப் பிடித்துக்கொள்கிறது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. மறுநாள் அக்கா வந்தாள். கூடை தூக்குவதை விட்டு நெடுநாள் ஆகியிருந்தது, என்னைப் பார்க்க மட்டும் வருவாள். டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். வைரஸ் என்றால் என்ன என்று கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத கிருமி, உன் சேவல் சுத்தமாக இருந்தாலும் உள்ளே இருந்திருக்கலாமாம் என்றேன்.

அவள் வெற்றிலையை மென்று முடித்தாள்.

"மறுபடியும் என் சேவல அறுக்கச் சொல்றியாமே?"

இல்லை அக்கா என்றேன். எழுந்துபோய் அவளுக்குக் காப்பி கலந்தேன்.